தோல் தைத்த கையோடு பழனிக்கு நடந்தவர்

திங்கட்கிழமை காலை கம்பெனியில் லைன் ஓடத் தொடங்கிய பிறகுதான் செய்தி வந்தது. பேரணாம்பட்டு வேனில் வந்தவர்கள் கேட்டிலேயே அழுதுகொண்டு நின்றுவிட்டதால் தாமதமாகத்தான் உள்ளே வந்தார்கள். நசீமா அக்கா நேராக என் டேபிளுக்கு வந்து, "மல்லிகா போய்ட்டாடி. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்று சொல்லி நிறுத்தினார். ஷூவின் மேல்பாகத் தோலுக்கு ஓரத்தில் பசை தடவி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பழக்கத்தில் இடது பக்கம் நீட்டினேன். அதை வாங்கித் தைக்க வேண்டியவர் அங்கே இல்லை.

மல்லிகா அக்காவோடு வேலை செய்தவர்களும் அவர் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. ஆனால் மூன்று வருடம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறேன்.

அவர் சாதுவான பக்தை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேனில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடுவார். சூப்பர்வைசர் லைன் வேகத்தைக் கூட்டினால், "சார், எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, பன்னண்டு கை எங்க முருகனுக்குத்தான்" என்பார். சூப்பர்வைசரே சிரித்துவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போவதாகச் சொன்னார். "இன்னா வேண்டுதல்?" என்று எல்லோரும் கேட்டோம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுப் பார்த்தோம். "வேண்டுதல் ஒண்ணும் இல்ல. போய்ப் பாக்கணும்னு தோணிச்சு. பாக்கப் போறதுக்குக் காரணம் வேணுமா?" என்றார்.

அவருடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே முருகன் கோயில். அங்கிருந்து வருடா வருடம் ஒரு குழு பழனிக்கு நடந்து போகும். அந்தக் குழுவின் குருசாமியிடம் மாலை போட்டுக்கொள்ள அக்கா போனார். என்ன வேலை என்று அவர் கேட்டார். அக்கா சொன்னதும், "தோலத் தொட்ட கையால மாலையத் தொடக் கூடாதும்மா. ஒரு மண்டலம் லீவு போட்டுட்டு வா, போட்டு விடறேன்" என்றாராம். ஒரு மண்டலம் லீவு போட்டால் நம் கம்பெனியில் திரும்பி வர இடம் இருக்காது. அது குருசாமிக்கும் தெரியும்.

அதற்காக அக்கா வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. கடையில் துளசி மாலை வாங்கி, மூலவர் முன்னால் நின்று தானே போட்டுக்கொண்டார். பூசாரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல தாயி" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் பச்சைப் புடவையின் மேல் கம்பெனிக் கோட்டுப் போட்டு, கழுத்தில் மாலையோடு மிஷினில் உட்கார்ந்தார். லைனில் சிலருக்கே அது பிடிக்கவில்லை. "விரதத்துல இந்த வேலையும் செய்யறியே, சாமி குத்தம் ஆய்டப் போவுது" என்று ஒருவர் சொன்னார். அக்கா மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "தைக்கிறதும் இந்தக் கைதான், கும்பிடறதும் இந்தக் கைதான். ஒண்ணக் கழட்டி வீட்ல வச்சிட்டு வர்றதுக்கு ஆவுமா?"

குழு சேர்த்துக்கொள்ளாததால் தனியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்காரருக்குப் பயம். எங்களுக்கும் பயம். கிளம்புவதற்கு முந்தின நாள் நசீமா அக்கா ஒரு பை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறவ வெறுங்கால்ல போறியே தோஸ்த்து, கம்பெனி மானமே போய்டும்டி" என்றார். "போற வழியில ஆர்டர் புடிச்சிக்கினு வர்றேன்" என்றார் அக்கா.

பொங்கல் லீவோடு சொந்த லீவையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போனார். திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம் வரைக்கும் அவருக்குத் துணை யாரும் இல்லை. ராத்திரியில் கோயில் மண்டபங்களிலும் அன்னதானப் பந்தல்களிலும் படுத்துக்கொண்டார். சேலம் தாண்டியதும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய குழு சேர்ந்துகொண்டது. அதன் தலைவர் நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். "தனியா நடக்காதம்மா, எங்களோட வந்துடு. எந்த ஊரு? என்ன வேலை?"

"ஆம்பூர்ப் பக்கம் சாமி. தோல் கம்பெனில ஷூ தைக்கிறேன்."

"விரதத்துலயுமா தைச்சே?"

"தைச்சேன் சாமி."

அவர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப நீ கொஞ்சம் தள்ளிப் பின்னாடியே வாம்மா" என்றாராம்.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது நசீமா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பைத்தியம், தறி வேலைன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே? குடியாத்தம்னா யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

அதற்கு அக்கா சொன்ன பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "அப்படிச் சொல்லிட்டா, பழனில போய் நிக்கிறது யாருடி? தறிக்காரி நிப்பா. நான் ஊர்லயேதானே நின்னுட்டிருப்பேன்?"

அந்தக் குழு கண்ணில் படும் தூரத்தில், பின்னாலேயே நடந்தார். அவமானமாக இல்லையா என்று கேட்டேன். முதலில் அழுகை வந்ததாம். "ஆரம்பத்துல சாமிகிட்ட பேசிக்கினே போனேன் பாப்பா. வீட்டுக் கதை, கம்பெனிக் கதை, அந்தக் குருசாமி மேல கம்ப்ளெயிண்ட்டு, எல்லாம் சொல்லிப் பேஜார் பண்ணேன். ஒரு நாள் பேச ஒண்ணுமே இல்லாம தீந்து போச்சு. அதுக்கப்புறம்தான் கூட ஒருத்தர் வர்றாருன்னு தெரிஞ்சிது" என்றார். இதற்கு மேல் பக்தியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

தாராபுரத்துக்கு முன்னால் அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் வேண்டுமென்றே பின்தங்கி வந்து இவரோடு நடந்தாராம். ஒரு கமலாப் பழத்தை உரித்துப் பாதியைக் கொடுத்துவிட்டு, "என் பொண்ணும் பர்கூர்ல ஷூ கம்பெனிதான். எங்க குழுவுல யார்கிட்டயும் நான் சொல்லல. அன்னிக்கு உன்னத் தள்ளி வரச் சொன்னப்பவும் வாயத் தொறக்கல" என்றார். அக்கா, "பழம் குடுத்தியேக்கா, அது போதாதா?" என்று கேட்டாராம். பொழுது சாயும் வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பிறகு அந்தப் பெண் தன் குழுவுக்கே போய்விட்டார்.

பழனியில் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "வந்துட்டேன்னு சொன்னேன்" என்றார்.

பஞ்சாமிர்தத்தை முதலில் நம் லைனுக்குக் கொடுத்தார். மீதியை எடுத்துக்கொண்டு குருசாமி வீட்டுக்குப் போனார். குருசாமி கொஞ்சம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். "சாப்பிட்டாராக்கா?" என்று கேட்டோம். "நான் எதுக்கு நின்னு பாக்கணும்? குடுக்கறது என் வேலை" என்றார்.

அடுத்த வருடமும் அப்படியே மாலை போட்டு, அப்படியே தைத்து, தனியாகவே நடந்தார். மூன்றாம் வருடம் குருசாமியே ஆள் அனுப்பிக் குழுவோடு வரச் சொன்னார். அக்கா போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "தனியா போயே பழகிட்டேன் சாமி. வேணும்னா நீங்க என் கூட வாங்க" என்றார். பேரணாம்பட்டு வேனிலும் எங்கள் வேனிலும் இரண்டு நாள் இதே பேச்சுத்தான். எனக்கு என்னவோ நானே அப்படிச் சொல்லிவிட்டு வந்தது போல இருந்தது.

இந்தக் கார்த்திகையில் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு லைனே போனது. சில நாள் கழித்து மார்கழி பிறந்தது. நான் அந்தக் கோயிலுக்குப் போய் மாலை போடுகிறவர்களின் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குருசாமி, "இன்னா வேலை பண்றே?" என்று கேட்டார். நம் பெண்கள் வெளியில் "கம்பெனி வேலை" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வோம். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

"தோல் கம்பெனி சாமி. லீவு போட மாட்டேன்" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது.

"மல்லிகா லைனா?"

"அவங்களுக்குப் பக்கத்து டேபிள்."

தட்டிலிருந்து ஒரு மாலையை எடுத்து என் கழுத்தில் அவரே போட்டார். நெற்றியில் விபூதி வைத்தார். பிறகு, "எங்க கூட வர்றியா, இல்ல அந்தம்மா மாதிரி தனியாவா?" என்று கேட்டார்.

மல்லிகா அக்காவிடம் முதல் வருடம் கேட்கப்படாத கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். அவர் வெறுங்காலோடு நடந்து நமக்கு வாங்கி வைத்திருப்பது அதுதான். யார் முன்னால் நின்றாலும் என் வேலையைச் சொல்லிவிட்டு நிற்கலாம் என்பதை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். குழுவா, தனியா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. தைப்பூசத்துக்கு நாள் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று குருசாமியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.