ஏழு டேப்புக்கு ஆயிரம் பேரு

அம்பத்தூர் எஸ்டேட்டுல எங்க ஆபீஸ்ல இருந்து எழுதறேன். இன்னும் சிரிப்பு நிக்கல.

காலைல, ஃபைலையெல்லாம் டேப்புல காப்பி எடுக்கற பேக்கப் ஓடல. எந்த ஃபைல் எந்த டேப்புல இருக்குன்னு குறிச்சு வைக்கிற கேட்டலாக், வீங்கிப்போய் டிஸ்க்கையே அடைச்சிருக்கு. அதுல ஆயிரம் டேப் பேரு. பீரோவுல இருக்கறதோ ஏழுதான்.

தினம் டேப் மாத்தற தாஸ் அண்ணனைக் கேட்டேன்.

"பழைய பேரு குடுத்தா கம்ப்யூட்டர் நூறு கேள்வி கேக்குது நைனா. புதுசு வெச்சா கம்முனு கீது."

மூணு வருஷமா அதே ஏழுக்கு தினமும் பேர்சூட்டு விழா.

கடைசி ஏழு பேரை விட்டுட்டு பழசையெல்லாம் அழிச்சேன். டிஸ்க் காலியானதும் எனக்கு ஆடணும் போல இருந்துச்சு.

"இளைச்ச கேட்டலாக்கை ஒரு காப்பி எடுத்துக்கயேன்"னாரு அண்ணன்.

டேப்பைப் போட்டேன். பேரு கேட்டுச்சு. பழசைக் குடுத்தேன். நூறு கேள்வி.

புதுசா ஒண்ணு வெச்சுட்டேன். நீங்க மட்டும் என்ன பண்ணியிருப்பீங்களாம்?