தாலி என்றொரு பெயர்

அப்பா இறந்து ஐந்து மாதமானபோது, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஓர் இஸ்ரேல் பெண் குடிவந்தாள். முப்பது வயதிருக்கும். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் இணையத்தில் விவரம் பதிய வேண்டும் என்பதால், அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு பேரு இன்னா?”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். “தாலி.”

அம்மாவின் கை நின்றது. காரியத்தன்று அத்தைகள் சூழ்ந்து உட்கார்ந்து அவள் கழுத்திலிருந்து கழற்றியதைப் பற்றி அதுவரை எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

“வேற பேரு இல்லியாமா அதுக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அம்மா அவளுக்கு அடை சுட்டால் அனுப்புவாள், குழம்பு அனுப்புவாள். பெயரை மட்டும் சொல்லமாட்டாள். “மாடிப் பொண்ணு” என்பாள். நேரில் பார்த்தால் “ஏம்மா” என்பாள்.

ஒருநாள் அவள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று. தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அம்மாவுக்கு அது ஏன் தொண்டையில் நிற்கிறது என்று சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா பின்கட்டில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். மார்கழி. கொடியெல்லாம் நனைந்திருந்தது. மாடியிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்தவள், ஓர் இலையைப் பறித்து, துளி சிந்தாமல் அம்மாவிடம் நீட்டினாள்.

“அம்மா, எங்க ஊர்ல தாலி, இது.”

மீதியை அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். எபிரேய மொழியில் ‘தல்’ என்றால் பனி. ‘தாலி’ என்றால் என் பனித்துளி. அவளுடைய அப்பா விவசாயி. அங்கே இளவேனில் முடிந்தால் மாதக்கணக்கில் மழை கிடையாது. பனியாவது இறங்கட்டும் என்று வேண்டிக்கொள்ள ஒரு பிரார்த்தனையே இருக்கிறது. அந்தப் பருவத்தில் பிறந்தவளுக்கு அப்பா வைத்த பெயர் இது. அவரும் இப்போது இல்லை.

அம்மா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரைக்கும் பனிதான். கம்மியா இருந்தா பூ நிக்காது” என்றாள். பிறகு, “உங்கப்பா உன்ன எப்படிம்மா கூப்புடுவாரு?”

அவள் கடைசி எழுத்தை இழுத்துச் சொல்லிக் காட்டினாள். அம்மா சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்திலேயே குரல் உடைந்தது. கொடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் தாலி, அம்மா கையிலிருந்த அவரைக்காய்க் கூடையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா திரும்பி, அதே இழுப்போடு, முழுசாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு அக்கா திகைத்துப் பார்த்தபோது, “அவங்க பாஷையில பனின்னு அர்த்தம்டி” என்றாள்.

அந்த வாரத்தில் ஒரு மதியம், சாப்பிடும்போது அம்மா தானாகவே அப்பாவைப் பற்றிப் பேசினாள். விடிகாலையில் கொல்லையில் பயிரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வேட்டி முழங்கால் வரைக்கும் பனியில் ஈரமாயிருக்குமாம். மாற்றிக்கொள்ளாமல் நேரே வந்து அடுப்பருகில் நிற்பாராம்.

“திட்டு வாங்கறதுக்குன்னே வந்து நிக்கும் அந்த மனுஷன்” என்று சொல்லிச் சிரித்தாள்.