பால் பொங்கியதால் பிழைத்தோம்

எனக்கு எழுத வராது. கோபத்தில் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

செவன் ஹில்ஸ் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு மகன் பழைய வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்றை வாங்கி வந்தான். எல்லாம் திருத்தியாயிற்று என்று விற்றவன் சொன்னானாம். கறுப்புப் பெயின்ற் பளபளத்தது.

புதிதாக வந்த அடுப்பில் பால் பொங்க வேண்டாமா? மூட்டிப் பானையை வைத்தேன். பால் பொங்கி வழிந்ததும் பெயின்ற் உரிந்தது. அதற்கடியில் வெடிப்பை மறைத்து அப்பியிருந்த பசை விழுந்து, அந்தப் பெரிய வெடிப்பினூடாகப் புகை பீறிட்டது. பக்கத்து அறையில் நித்திரையாயிருந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம்.

"அம்மா, நீங்கள் பாலை வழியவிட்டுத்தான் வெடிச்சது" என்றான் மகன்.

"விசர்க்கதை கதையாதை! வெடிப்புக்குள்ளை கிடக்கிற பழைய துருவைப் பார். மறைச்சு வித்தவனை விட்டிட்டு என்னோடை பாயிறாய்! பால் பொங்கினபடியால் இப்பவே தெரிஞ்சுது; எல்லாரும் நித்திரையான பிறகு புகைஞ்சிருந்தால் பிழைச்சிருப்பமோ?"

வெடித்த தகட்டை மாற்றுவித்தோம். யார் திருத்திய அடுப்பென்றாலும் இனி முதல் நெருப்பும் பாலும் வீட்டுக்கு வெளியே, பின்வளவில்தான்.