இரண்டு பேனருக்கும் ஒரே துணி

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் திரை தைக்கும் கடை வைத்திருப்பவரை எல்லோரும் திரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கால்பந்து அவருக்குத் தெரியாது. கணவர்தான் உள்ளூர் அணிக்காக மைதானத்தில் டிரம் அடித்து, தொண்டை கட்டி வீடு திரும்புகிறவர். ஓட்டல்களுக்குத் தைத்தது போக மிஞ்சும் தீப்பிடிக்காத துணியில் அக்கா அந்த ரசிகர்களுக்குப் பேனர் தைத்துத் தருவார்.

கடைசியாகத் தைத்தது: ‘நடுவருக்குக் கண் பரிசோதனை இலவசம்.’ மைதானமே சிரித்தது. லீக் நிர்வாகம் மட்டும் சிரிக்கவில்லை. நடுவரை அவமதித்ததாகச் சொல்லி, டிரம்காரர்கள் உட்காரும் பகுதியை மூடிவிட்டது. அடுத்த வாரமே, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியின் ரசிகர்கள் அதே வாசகத்தைத் தொங்கவிட்டார்கள். அதற்கு நிர்வாகம் சொன்னது: வெறும் நகைச்சுவை.

உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போய் முறையிட்டார்கள். உடனே காரணம் மாறியது. வாசகத்தில் தப்பில்லையாம், இவர்களுடைய துணி தீப்பிடிக்கிற ரகமாம்.

ரசிகர் கூட்டத்தின் தலைவனுக்கு மெகாபோன் என்று பெயர். அவன் அக்காவின் கணவரோடு கடைக்குள் நுழைந்தான்.

“அக்கா, நாளைக்கு லீக் ஆபீஸ்ல விசாரணை. இது தீப்பிடிக்காத துணின்னு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“துணியைக் கொண்டுபோய்க் காட்டினா பத்தாதா தம்பி?”

“அவங்களோடது மட்டும் என்ன பட்டுத் துணியா? அதுவும் இதே ரகம்தான்னு நிரூபிக்கத்தானே முடியல!”

அக்காவால் முடியும். அந்தப் பேனரையும் தைத்தவர் அவர்தான். யாரோ ஒரு பையன் வந்து ‘அதே மாதிரி ஒண்ணு’ என்று கேட்டான். திரை வாங்க வருகிறவர்களிடம் எந்த அணி என்றா விசாரிப்பார்கள்? தைத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த அணிக்காரர்களுக்கு முடி வெட்டியதற்காகப் பக்கத்துத் தெரு சலூனின் கண்ணாடியை நொறுக்கியவர்கள் மெகாபோனின் ஆட்கள். “நல்லா வேணும் அவனுக்கு” என்று அன்று கணவர் சொன்னது அக்காவின் காதில் இன்னும் இருந்தது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“ரெண்டும் ஒரே துணிதான். ரெண்டையும் நான்தான் தைச்சேன்.”

மெகாபோன், “நம்ம ஜோக்கை அவனுங்களுக்குத் தைச்சுக் குடுத்தீங்களா?” என்றான்.

கணவர் அக்காவைப் பார்க்கவில்லை. “வீட்டுல பேசிக்கலாம்” என்றார். வீட்டில் அவர் பேசவேயில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் விசாரணையில் அக்கா உண்மையைச் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அப்படின்னா துணி காரணமில்ல. வேற காரணம் பார்த்துச் சொல்றோம். தடை அப்படியேதான் இருக்கும்” என்றார். வெளியே இரண்டு அணிக்காரர்களும் நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனை திரும்பியதும் அக்கா முதலில் கடையைத்தான் பார்த்தார். கடைக் கண்ணாடி முழுசாக இருந்தது. பட்டப்பகலில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். ஜன்னலோரம் கிடந்த தையல் மெஷினைக் கணவர் பின்சுவர் வரைக்கும் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யாராச்சும் வந்தாங்களா?”

“இன்னும் வரல” என்றார். “நீ உள்ள போ.”