டேப்புக்கு அடியில் ஒன்றுமில்லை

பேட்டரிக்காரருக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கும் சாமர்த்தியம் கிடையாது. முப்பது நாற்பது வருடப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் நின்றுபோன கடிகாரங்களை ஓடவைப்பதுதான் அவர் பிழைப்பு. கடிகாரமே இல்லாமல் பிறந்த மெஷினுக்குப் புதிதாக ஒன்று பொருத்தியும் கொடுப்பார். "தேதி தெரியலைன்னா அது வெறும் டப்பா" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

போர்டில் இருக்கும் பழைய பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, வினிகரால் துடைத்து, அரித்துப்போன இடங்களை மெல்லிய கம்பியால் இணைத்து, பட்டன் செல் போடுவார். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிய ரெசிஸ்டர் என்ற குட்டி உருளையை வெட்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அது பட்டன் செல்லுக்கும் சார்ஜ் ஏற்றும். செல் உப்பிக் கசிந்து போர்டையே தின்றுவிடும். அதனால் வெட்டிய ரெசிஸ்டரை அந்த மெஷினுக்கான நோட்டுப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவைப்பார். ஒட்டியாயிற்று என்றால் வேலை முடிந்தது.

அன்று காலை எதையோ தேடி நோட்டைப் புரட்டியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருடத்துப் பக்கம் ஒன்றில் டேப் இருந்தது. டேப்புக்கு அடியில் ஒன்றுமில்லை. அப்படியானால் ரெசிஸ்டர் இன்னும் போர்டிலேயே இருக்கிறது.

அது பிரசவம் பார்க்கும் நர்ஸம்மாவின் மெஷின். இருபத்தெட்டு வருடமாகத் தான் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் அந்த அம்மாள் அதில்தான் பதிந்துவைக்கிறார். அந்த டிஸ்குகளை வேறு எந்த மெஷினும் படிக்காது. போர்டு போனால் அத்தனையும் போச்சு.

போன வருடம் அந்த வேலையைச் செய்தபோது பேட்டரிக்காரர் கண்ணில் புரை. "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்ற மனைவியிடம், "எனக்கா கண்ணு தெரியல? நீ உன் தையலைப் பாரு" என்று எரிந்து விழுந்தார். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள ஐந்து மாதம் பிடித்தது. இப்படியும் ஒரு பிறவி.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் ஓடினார். "ஏன் சார் முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்றார் நர்ஸம்மா.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. திறந்து பாக்கணும். என்ன ஆகியிருந்தாலும் பொறுப்பு என்னுது."

மூடியைக் கழற்றினார். போர்டு பளிச்சென்று இருந்தது. ரெசிஸ்டர் இருந்த இடத்தில் வெட்டிய இரண்டு முனைகள் மட்டும்; ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுச் சிவப்பு நகப் பாலிஷ். வீட்டில் மனைவி தையல் நூல் பாபின்களுக்கு அடையாளம் வைக்கும் அதே சிவப்பு.

"இன்னிக்கு விடியக்காலைல ஒரு பொண்ணு பிறந்துச்சு. தேதி, நேரம் எல்லாம் சரியாத்தான் விழுந்துச்சு. எதுக்குப் பயந்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. என்னைவிட வேலை தெரிஞ்சவங்க பாத்திருக்காங்க."

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தார்.

"நர்ஸம்மா மெஷின்ல கை வச்சியா?"

மிதியில் இருந்த கால் நின்றது. "வச்சேன். நீங்க மத்தியானம் தூங்குனப்ப. நகவெட்டியாலதான் வெட்டினேன்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா அதையே சொல்லி உயிரை எடுக்குறீங்களே, தெரியாதா?"

"வேற எத்தனை மெஷின்?"

"கண்ணு சரியாகுற வரைக்கும் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அனுப்புனேன். மொத்தம் பதினோரு தப்பு. மத்ததெல்லாம் சரியா ஒட்டாத ஈயம்தான். சொன்னா மனசு விட்டுப்போய் வேலையையே நிறுத்திடுவீங்க."

பொத்தான் டப்பாவிலிருந்து அந்த ரெசிஸ்டரை எடுத்து நீட்டினார். பேட்டரிக்காரர் அதை வாங்கிக்கொண்டார். எரிந்து விழுந்தவனின் பெயரை ஐந்து மாதம் சத்தமில்லாமல் காப்பாற்றியிருக்கிறாள். இதற்கு நன்றி என்ற ஒரு சொல் எந்த மூலைக்கு? ஆனாலும் சொன்னார். கல்யாணமாகி முதல்முறையாகச் சொன்னதால் அது கொஞ்சம் குளறியது.

ரெசிஸ்டரை அதன் பக்கத்தில் ஒட்டினார். பிறகு நேற்று முடித்த மெஷினை மூடாமலேயே தூக்கிவந்து மனைவியின் தையல் மேஜைமேல் வைத்தார்.

"இப்பதான் கண்ணு நல்லாத் தெரியுதே?"

"தெரியுது. இருந்தாலும் நீ ஒரு தடவை பாத்துடு."

மனைவி துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு விளக்கைத் தாழ்த்தினார்.