எங்கேயும் இடிக்காத பூட்ஸ்

அவள் நொட்டை சொல்லாத பொருளை இன்னும் யாரும் செய்யவில்லை. காபியில் சூடு போதாது, ஜன்னல் கொக்கி சரியாக விழவில்லை, பேருந்து ஓட்டுபவருக்குத் திருப்பத் தெரியவில்லை. வீட்டில் அவளோடு இருக்கும் நாத்தனார் தையல்காரி. அண்ணிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்து நல்ல பேர் வாங்குவதற்குள் ஊருக்கே தைத்து முடித்துவிடலாம் என்று சலித்துக்கொள்வாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், முக்கால்வாசி நாள் சாலையில்தான். ஆகவே வீட்டில் இந்த இரண்டு பெண்களின் ராஜ்யம். சண்டையும் சமாதானமும் அவர்களுக்குள்ளேயே நடக்கும்.

அண்ணிக்குக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலை. வீட்டு வாசலோரம் இருக்கும் குழியின் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, உள்ளே தேங்கிய தண்ணீரில் காலை வைத்து, கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். அப்புறம் அடுத்த வீடு. தெருவெல்லாம் அவளுக்கு 'மீட்டரக்கா' என்றுதான் பெயர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும், எந்தப் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நடந்து நடந்தே பழகிய உடம்பு.

அதனால்தான் பாதம் மரத்துப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை நோய் பல வருஷமாக இருக்கிறது, மாத்திரையும் போடுகிறாள். போன மழைக்கு முன்னால் விரல்களில் தொடங்கிய மரமரப்பு இப்போது உள்ளங்காலில் பாதிவரை வந்துவிட்டது. கூட வேலை பார்த்த ஒருவருக்கு இப்படித்தான் கால் கெட்டது. அவரைக் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். மனிதர் அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. டாக்டர் "கால் எப்படிம்மா?" என்று கேட்டபோதும் "கல்லு மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒருவகையில் அது உண்மைதான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், நாத்தனார் கூடத்துத் தரையைப் பார்த்துக் கத்தினாள்.

"என்ன அண்ணி இது, பூட்ஸ கழட்டின பிறகும் தரையெல்லாம் ஈரக்காலு? சாக்ஸ பிழிஞ்சா வாளி ரொம்பும் போலிருக்கு. உள்ள தண்ணி போறது தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? சோம்பேறித்தனம்தான்."

பூட்ஸின் அடி வாய் பிளந்து கிடந்தது. மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள் நாத்தனார்.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் வந்தது நல்லது என்றார். முழு ரப்பர் வேண்டாம், உள்ளே வியர்த்து ஊறிப்போகும். கணுக்கால்வரை ஏறி, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்ததாகப் பாருங்கள், அப்போதுதான் லேஸ் வழியாகத் தண்ணீர் இறங்காது என்றார். நாத்தனார் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, நிமிர்த்தி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். தையல் என்று வந்துவிட்டால் அவள் யாரையும் நம்பமாட்டாள்.

முதல் ஜோடியை அண்ணி போட்டுக்கொண்டாள். "இடிக்குதாக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, நல்லா இருக்கு."

இரண்டாவதும் நல்லா இருந்தது. மூன்றாவது அதைவிட நல்லா இருந்தது. நாத்தனார் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். குடிக்கிற தண்ணீரில் குறை கண்டுபிடிக்கிறவள், இங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாளே!

அந்தப் பார்வை அண்ணிக்கு உறைத்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று, கடைக்காரர் புதிதாகக் கொண்டுவந்த பெட்டியைத் தானே பிரித்து, காலை நுழைத்து, லேஸை இறுக்கினாள். வாசல்வரை நடந்தாள், திரும்பி நடந்தாள், குதிகாலைத் தட்டியும் காட்டினாள்.

"இது பிரமாதம். எங்கேயும் இடிக்கல. கட்டிக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தாள். பெட்டியில் வைக்கப் போன கடைக்காரர் உள்ளே கையைவிட்டு, முனையில் திணித்திருந்த காகித உருண்டையை வெளியே எடுத்தார். இன்னொன்றிலும் ஓர் உருண்டை.

"அட! பேப்பரோடவே நடந்துட்டீங்களேக்கா!" என்று சிரித்தார் அவர்.

நாத்தனார் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து அண்ணியின் சாக்ஸை உருவினாள். சுண்டுவிரலுக்குக் கீழே துணி ஒட்டிக்கொண்டு வந்தது. காசளவுக்குப் புண்.

"இது எப்போலேருந்து?"

"எந்தக் கல்லோ என்னமோ."

"வலிக்கலையா அண்ணி?"

வழக்கமான பதில் வாய்வரை வந்தது. கடைக்காரர் கையில் காகித உருண்டையோடு நின்றார். பொய் சொல்ல இனி இடமில்லை.

"வலிக்கல. அதான் விஷயம். ஒரு வருஷமா ஒண்ணுமே தெரியல." நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "ஆபீஸ்ல சொல்லிடாதடி. தூக்கி உள்ள உக்கார வச்சிடுவாங்க."

"காலோட உக்காருங்களேன் அண்ணி! கால் போன பிறகுதான் உக்காருவீங்களா?" கோபத்தில் கத்தினாள் நாத்தனார். கத்திய பிறகுதான் அழுதாள்.

மறுநாள் டாக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு விட்டார். புண் ஆறும்வரை நடக்கக்கூடாது. அப்புறம் நடக்கலாம், ஆனால் தினமும் ஒருவர் பாதத்தைப் பார்த்தாக வேண்டும், காலில் பழைய உணர்வு வரும் என்று மட்டும் எதிர்பார்க்கக்கூடாது. அலுவலகத்தில் அவளே போய்ச் சொன்னாள். நாற்காலி கிடைத்தது. எப்போது எழலாம் என்று யாரும் சொல்லவில்லை.

பூட்ஸை நாத்தனார்தான் தேர்ந்தெடுத்தாள். துணி வெட்ட அளவு வரையும் காகிதத்தில் அண்ணியின் பாதத்தை வரைந்து, கத்தரித்து, அதைக் கடைக்கு எடுத்துப் போய் ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் விரித்துப் பார்த்தாள். ஓரம் மடங்காமல் படுத்த ஜோடியை வாங்கி வந்தாள். புண் மூடிய பிறகு, பழக்குவதற்காக அதைக் கவுன்ட்டரிலேயே கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டாள் மீட்டரக்கா.

"உள்ள எங்கக்கா மழை?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்தார்கள்.

"உங்க வாயிலேருந்துதான் தெறிக்குதே" என்றாள்.

சாயங்காலமானால் நாத்தனார் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு அந்தப் பாதத்தை மடியில் ஏந்துவாள். ஓரம், இடுக்கு, நகக்கண் எல்லாம் பார்த்துவிட்டு விரலால் அழுத்துவாள்.

"இங்க தெரியுதா?"

"தெரியுது."

"என் கையப் பாத்துட்டு சொல்றீங்க. கண்ண மூடுங்க."

மூடினாள்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கை இன்னும் காலில்தான் இருக்கிறதா, எடுத்துவிட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இருக்கியாடி?" என்றாள்.

"இருக்கேன் அண்ணி."