கிராண்டில் இல்லாத எஞ்சின்

வெள்ளிக்கிழமை காலை ஈப்போ சிலிபினில் உதிரிபாகக் கடை திறந்ததும் ராக்காயி உள்ளே நுழைந்து, காரின் கிராண்டை மேசைமேல் விரித்து வைத்தாள். அந்தப் பதிவு அட்டையை ஒரு பார்வை பார்த்த கடைக்காரச் சீனர், முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார்.

பழையது நேற்றுத்தான் முறிந்தது, புருஷன் அர்ச்சுனனை டயாலிசிஸ் முடித்துக் கூட்டி வரும் வழியில். அவர் படுத்த பிறகு, ஐம்பது வயதில் லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டுகிறவள் அவள். நாளைக் காலை ஆறு மணிக்கு ஈப்போவில் அடுத்த முறை. தோட்டம் மூடி, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட அவர்கள் பக்கத்துக்கு, அந்த இருட்டில் வாடகைக் கார் எதுவும் வராது. ஒரு முறை தவறினால் அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அர்ச்சுனன் சொல்லியிருந்தார். "பட்டறையில தாவூத் கழட்டி வச்ச பழசையும் கையோட கொண்டு போயேன்."

"அந்தக் கிரீஸை யாரு தூக்குறது? அதான் கிராண்டு இருக்குல்ல!"



வீட்டுக்குப் பக்கத்து லகாட் பட்டறையில் மெக்கானிக் தாவூத் புதுசைப் பொருத்திப் பார்த்தான். நுழையவில்லை. "முனையில பல்லு கம்மிக்கா. மாத்திக் குடுத்துட்டான்லா."

வாடகைக் காரில் கடைக்குத் திரும்பப் போய்ச் சண்டை பிடித்து வேறொன்று வாங்கி வந்தாள். அதுவும் நுழையவில்லை. தாவூத் டார்ச் அடித்து, எஞ்சினில் படிந்த அழுக்கைத் துடைத்தான். கிராண்டைப் பார்த்தான். மறுபடி எஞ்சினைப் பார்த்தான்.

"அக்கா, எஞ்சின் நம்பர் வேற. இது ஹாஃப் கட். ஜப்பான்லேர்ந்து பாதியா வெட்டி வர்ற வண்டியோட எஞ்சின். கியர் பெட்டியும் அதோடதுதான். யாரு மாத்துனா?"

"யாரு மாத்துவா? இந்த பானெட்டை எங்க வீட்டுக்காரரத் தவிர யாரு தொறந்தா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

தாவூத் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினான். நாலு மணிக்குள் சாமான் வந்தால் இன்றே மாட்டித் தருவதாகச் சொன்னான். ராக்காயி வெயிலில் வீட்டுக்கு நடந்தாள்.

லகாட் பக்கம் வருவதற்கு முன் அர்ச்சுனன் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் இயந்திரம் பழுது பார்க்கும் ஃபிட்டர். எஞ்சின் எண்ணெய் பார்க்காமல் வண்டி எடுக்கிறவனை, "ஒனக்கெல்லாம் எதுக்குடா வண்டி, மாடு வாங்கு" என்று நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்குவார்.

"எஞ்சினை எப்ப மாத்துனீங்க?" என்று உள்ளே நுழைந்ததும் அவரிடம் கேட்டாள்.

ஊசி குத்திப் புடைத்த கையைத் தடவிக்கொண்டே சொன்னார். "கவிநயா பொறந்தப்ப."

மகள் பிறந்த அன்று தோட்டத்து வேன்தான் ராக்காயியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அவர் வந்தது மறுநாள் விடிந்து. மழை, பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார். இரவெல்லாம் வலியோடு வாசலையே பார்த்துக் கிடந்தவள் அதை நம்பினாள்.

"சேதி வந்ததும் ஓடியாந்தேன். எண்ணெய் பாக்கல. பாதி வழியில எஞ்சின் ஜாம். விடியிற வரைக்கும் ரோட்டுலயே நின்னேன்."

"அதச் சொன்னா என்ன?"

"தோட்டத்துக்கே புத்தி சொன்னவன். எப்படிச் சொல்றது?"

"இருபத்திரண்டு வருஷமா அந்த ஆத்தையில்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. "அந்த எஞ்சினோட ஷாஃப்டுக்கு இருபத்தஞ்சு பல்லு" என்றார் அர்ச்சுனன். "நான் எஞ்சின் வாங்குன போத்தோங் கடை லகாட்ல இன்னும் இருக்கு. பழச எடுத்துட்டுப் போ."

வெட்டிய கார்கள் குவிந்து கிடந்த அந்தக் கடையில் ராக்காயி பழையதும் கடையில் எடுத்துத் தந்ததுமாக இரண்டு ஷாஃப்டின் பற்களையும் விரலால் தொட்டு எண்ணினாள். கவிநயா பிறந்த அந்த இரவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது. கோபம் வந்தது. எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து எண்ணினாள். இருபத்தைந்து. இரண்டிலும்.

சனிக்கிழமை விடிவதற்கு முன், தாவூத் ஷாஃப்டை மாட்டித் தந்த கார் வாசலில் நின்றது. அர்ச்சுனன் ஏறப் போனார். ராக்காயி கதவைத் திறந்துவிடாமல் பானெட்டைத் தூக்கிக் கைபேசி வெளிச்சத்தைக் காட்டினாள்.

"வாங்க. எண்ணெய் பாருங்க."

"தாவூத் பாத்திருப்பான்லா."

"நீங்க பாருங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் அளவுக் கம்பியை உருவி, கைலி முனையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இருக்கு" என்றார்.

அவளும் குனிந்து பார்த்தாள். "அப்ப ஏறுங்க" என்று சொல்லி, இன்னும் கிரீஸ் போகாத விரல்களால் கதவைத் திறந்துவிட்டாள்.